சுருக்கம் விழாத சட்டை

எங்கள் இரண்டு கடைகளுக்கும் நடுவில் இருப்பதைச் சுவர் என்று சொல்ல எனக்கு வாய் வராது. வெறும் பலகை. இந்தப் பக்கம் நான் தையல் மெஷினை மிதித்தால் அந்தப் பக்கம் இஸ்திரி மேசைமேல் இருக்கும் தண்ணீர்க் கிண்ணம் ஆடும். அந்தப் பக்கம் இஸ்திரிக்கார அக்கா பெருமூச்சு விட்டால் இந்தப் பக்கம் எனக்குக் கேட்கும். பதினான்கு வருடமாக இப்படித்தான். அதனால் அந்த வீட்டில் நடப்பதை நான் யாரையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்ததில்லை. தெரிந்துகொண்டு என்னத்தைக் கிழித்தேன் என்பது வேறு விஷயம்.

முன்னால் கடை, பின்னால் ஓர் அறை, அதற்கும் பின்னால் தண்ணீர்க் குழாய். அவ்வளவுதான் அவர்கள் வீடு. அக்காவுக்கு ஐம்பத்திரண்டு வயது. கல்யாணமாகிப் போன வேகத்திலேயே திரும்பி வந்தவள். ஏன் என்று கேட்டால், "அந்தாளு சட்டையக் கழட்டி தரையில வீசுவான் தையலு, எனக்குச் சரிப்படல" என்பாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை வாங்க முடியாது. நான் தையல்காரி என்பதால் என்னை அவள் தையலு என்றுதான் கூப்பிடுவாள். அந்தக் கடையிலிருந்து ஒரு கைக்குட்டைகூடச் சுருக்கத்தோடு வெளியே போகாது. துணி தீய்ந்துபோனால் வாடிக்கைக்காரர் கண்ணில் காட்டவே மாட்டாள். அதேபோல் புதுத்துணி எடுத்து, என்னிடம் தைக்கக் கொடுத்து, அதைத்தான் மடித்துக் கொடுப்பாள்.

அவள் தம்பிக்கு முப்பத்தொன்பது. தெருவில் எல்லோருக்கும் அவன் காலர். கிண்டலுக்கு வைத்த பெயர் இல்லை. அவன் தேய்த்துக் கொடுத்த சட்டையின் காலர் சாயங்காலம் வரைக்கும் கழுத்தில் நிமிர்ந்து நிற்கும். "நுனியில ஆரம்பிச்சு நடுவுக்கு வரணும். நடுவுல ஆரம்பிச்சா சுருக்கமெல்லாம் நுனியில போய் உக்காந்துக்கும்" என்று எனக்கே பாடம் எடுத்திருக்கிறான்.

இருபத்தாறு வயதில் ஒருநாள், பலகைக்குள் ஆள் பேசுகிறது என்றான். எனக்கு வாய் நீளம் என்பது ஊரறிந்த விஷயம். அது நான்தான் என்று அக்கா நினைத்துவிட்டாள். "ஏ தையலு, மெதுவா பேசேன், பையன் தூங்க முடியலங்கிறான்" என்று என்னிடம் சண்டைக்கு வந்தாள். நானும் ஒரு வாரம் வாயைக் கட்டிக்கொண்டு இருந்தேன். அவன் காதில் பேச்சு நிற்கவில்லை. மூன்றாவது வாரம், கொதிக்கிற இஸ்திரிப் பெட்டியைத் தூக்கித் தன் இடது உள்ளங்கையிலேயே வைத்துக்கொண்டான். அந்த வாசனை இன்னும் என் மூக்கில் இருக்கிறது.

பெரிய ஆஸ்பத்திரியில் பதினொரு மாதம் பூட்டி வைத்தார்கள். திரும்பி வந்தபோது முன்பல் இரண்டு இல்லை. எப்படிப் போச்சு என்று அவனும் சொல்லவில்லை, அவர்களும் சொல்லவில்லை. அன்றைக்கு அக்கா சொன்னாள், "இனி என் உயிர் போனாலும் இவன அந்த கேட்டுக்குள்ள அனுப்ப மாட்டேன்." அனுப்பவில்லைதான். அவன் இஸ்திரி மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்தான். வருடக்கணக்கில் அங்கேயே உட்கார்ந்திருந்தான். சோறு மேசைக்கு அடியில், தூக்கம் மேசைக்கு அடியில். மேலே அக்கா தேய்த்துக்கொண்டிருப்பாள்.

மூன்று வருடத்துக்கு முன்னால்தான் நர்ஸம்மா வந்தாள். மனநோய்க்காரர்களை வீட்டுக்கே போய்ப் பார்க்கிற பிரிவு என்று ஆஸ்பத்திரியில் ஒன்று ஆரம்பித்திருந்தார்கள். ஒன்றுவிட்டு ஒரு செவ்வாய்க்கிழமை ஸ்கூட்டரில் வருவாள். ஊசி போடுவாள். போட்டுவிட்டு ஓடிவிட மாட்டாள். மேசைக்குப் பக்கத்தில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு தன் வீட்டுக்காரரைப் பற்றிப் புலம்புவாள். காலர் பதிலே பேச மாட்டான். நாலாவது மாதம் அடியிலிருந்து குரல் வந்தது: "அந்தாள விட்டுத்தள்ளுங்க சிஸ்டர்." அக்கா தேய்ப்பதை நிறுத்திவிட்டு அழுதாள். நானும் இந்தப் பக்கம் அழுதேன், எதற்கு மறைக்க வேண்டும்.

அப்புறம் வெளியே வந்தான். முனைக்கடைக்கு நர்ஸம்மாவோடு நடந்துபோய் டீ குடித்தான். துணி மடித்தான். மடித்த துணியில் நம்பர் சீட்டைக் குத்தினான். இஸ்திரிப் பெட்டியை மட்டும் அக்கா தொட விடவில்லை. வெளியே போனால் அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் போவாள்.

போன மழைக்காலத்தில் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அப்போது நர்ஸம்மா அவள் அம்மாவுக்கு முடியவில்லை என்று லீவில் போயிருந்தாள். எதையும் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் இல்லை. நான்தான் படித்தேன். நோயாளியின் தற்போதைய நிலையை மதிப்பீடு செய்ய அதிகாரி நேரில் வருவார், மேல் நடவடிக்கை அதன்படி இருக்கும் என்று போட்டிருந்தது.

"மேல் நடவடிக்கைன்னா?" என்றாள் அக்கா.

"நடவடிக்கைன்னா நடவடிக்கைதான்."

"கூட்டிட்டுப் போறதா?"

கடிதத்தை இன்னொரு தடவை படித்தேன். "அப்படியெல்லாம் இருக்காது" என்றேன். "ஆனா ஒண்ணுக்கா, வர்றவரு கண்ணுக்கு இவன் நல்லா இருக்கணும். அங்க வைக்க வேண்டிய ஆளுன்னு தோணிடக் கூடாது."

"சுருக்கத்தோட அவர் முன்னாடி நிறுத்த மாட்டேன் தையலு. பாரேன்."

ஈரம் காயாத நாட்கள். கொடியில் துணி இரண்டு நாளைக்குத் தொங்கும், பெட்டியை வைத்தால் புஸ் என்று ஆவி வரும். கடை முழுக்க அந்த ஆவி. அதற்குள் உட்கார வைத்துத் தம்பிக்குப் பாடம் நடத்தினாள். நர்ஸம்மா வரும்போதெல்லாம் கேட்கிற கேள்விகள் அவளுக்கு மனப்பாடம்.

"தூக்கம் வருதா?"

"வருது."

"வருது சார்னு சொல்லுடா."

"வருது சார்."

"சாப்பிடுறீங்களா?"

"ரெண்டு வேள."

"மூணு வேளன்னு சொல்லு."

"ரெண்டு வேளதானக்கா தர்ற."

"இப்ப அது முக்கியமாடா? மூணு வேள சார். சொல்லு. பலகைக்குள்ள யாராச்சும் பேசுறாங்களா?"

அவன் பலகைப் பக்கம் திரும்பியிருக்க வேண்டும்.

"அங்க என்னடா பார்வ? என்னப் பாரு. கேக்குறவர் கண்ணப் பாத்துச் சொல்லு."

"பேசல சார்."

நான் இந்தப் பக்கத்திலிருந்து கத்தினேன்: "டேய் காலரு, பேசுறது தையல்கார பொம்பள மட்டும்தான்னு சொல்லுடா!" அவன் சிரித்தது கேட்டது. வாரத்துக்கு ஒருமுறை சிரித்தால் அதிகம்.

நான் வெளிர்நீலத்தில் ஒரு சட்டை தைத்தேன். அக்கா அவனைக் குளிப்பாட்டி, முகம் மழித்து, நகம் வெட்டி, சட்டையை மூன்று தடவை தேய்த்து மாட்டிவிட்டாள்.

வந்த அதிகாரி கெட்டவர் இல்லை. அதைச் சொல்லாவிட்டால் பாவம். குடையைச் சொட்டச் சொட்ட வெளியே வைத்துவிட்டு, காலைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார். கையில் கட்டம் கட்டமாகப் போட்ட படிவம். அவருடைய காலர் நனைந்து கசங்கியிருந்ததைப் பார்த்து அக்காவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. "கழட்டிக் கொடுங்க சார், ரெண்டே நிமிஷம்" என்றாள். மனுஷர் வெட்கப்பட்டுப் போனார்.

இருபத்திரண்டு கேள்வி. காலர் ஒன்றிலும் தவறவில்லை. வருது சார். மூணு வேள சார். பேசல சார். கடைசியில் அக்கம்பக்கம் ஒருவரிடம் கேட்க வேண்டுமாம். நான் கதவோரத்திலேயே தயாராக நின்றேன்.

"இவரால உங்களுக்கு ஏதாச்சும் தொந்தரவு?"

"தங்கமான பையன் சார்! இந்தக் கடையே இவன் கையிலதான் ஓடுது. நாளைக்கே இன்னொரு கடைல வேலைக்குச் சேத்துவிடலாம்."

அவர் எழுதிக்கொண்டார். எனக்கு அவ்வளவு பெருமை. அன்றைக்கு அக்கா முட்டை வாங்கிப் பொரித்து எனக்கும் கொடுத்தனுப்பினாள்.

பன்னிரண்டு நாள் கழித்து நர்ஸம்மா வந்தாள். ஸ்கூட்டர் இல்லை, பை இல்லை, சீருடையும் இல்லை. உள்ளே வந்து காலரைப் பார்த்தாள். அப்புறம் எங்களைப் பார்த்தாள்.

"அன்னைக்கு இவருக்கு யாருக்கா ஷேவ் பண்ணிவிட்டது?"

"நான்தான்" என்றாள் அக்கா.

"புதுச் சட்டை?"

"நான்" என்றேன், ஏதோ பரிசு தரப் போகிறாள் என்பதுபோல.

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "பூட்டி வைக்க வந்தவர் இல்லக்கா அவரு. வீட்டுக்குப் போய்ப் பாக்குறத யார் யாருக்கு நிறுத்தலாம்னு பாக்க வந்தவரு. முன்னூறு பேரு இருக்காங்க. நாங்க நாலு நர்ஸு. நாலுல ரெண்டு பேரக் கொறச்சுட்டாங்க. நல்லா இருக்கவங்கள எல்லாம் கழிச்சுவிடுறாங்க. இவர் படிவத்துல எழுதியிருக்கத நான் படிச்சேன். மாப்பிள்ளை பாக்கப் போனாக்கூட இவ்வளவு நல்லா எழுத மாட்டாங்க."

"அப்ப ஊசி?"

"பெரிய ஆஸ்பத்திரிக்கு அவரே வந்து போட்டுக்கணும். பதினஞ்சு நாளைக்கு ஒருதடவ."

"அந்த கேட்டுக்குள்ளயா?"

"அந்த கேட்டுக்குள்ளதான்."

"நீயாவது முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா."

"லீவு முடிஞ்சு வந்த அப்புறந்தான் எனக்கே தெரியும். என்ன வேற ஏரியாவுக்கு மாத்திட்டாங்க. இன்னைக்கு லீவு நாள்னு வந்தேன். மருந்த நான் கையில எடுத்துட்டு வர முடியாதுக்கா, வேல போயிடும்." அழுதாள். காலர் அவளுக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். அன்றைக்குக்கூட அவன் அவ்வளவு நன்றாக இருந்தான்.

நர்ஸை மறுபடி வீட்டுக்கு அனுப்பச் சொல்லி மூன்று மாதம் கழித்துத்தான் மனுப் போட முடியும் என்றார்கள். போட்டோம். ஆனால் அந்த மூன்று மாதம் என்ன செய்வது? முதல் முறை அக்கா அவனைக் கூட்டிக்கொண்டு பஸ் ஸ்டாப் வரை போனாள். பஸ் வந்து நின்றதும் தரையில் உட்கார்ந்துவிட்டான். இரண்டாம் முறை தெருமுனை. மூன்றாம் முறை வாசல்படி. நான் போய் ஆஸ்பத்திரி ஜன்னலில் நின்று, "மருந்தக் கொடுங்க, பக்கத்துல ஒரு டாக்டர் இருக்காரு, போட்டுக்கிறோம்" என்று கெஞ்சினேன். நோயாளி நேரில் வர வேண்டும் என்றார்கள். நேரில் வர முடியாததுதானய்யா நோய் என்றேன். அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள்.

வெயில் ஏறியது. ஊசியின் தெம்பு ஒரு மாதத்துக்கு ஓடியது. அப்புறம் நம்பர் சீட்டு மாறிக் குத்தினான். அப்புறம் குத்தவே இல்லை. தூக்கம் போனது. பலகைமேல் காதை வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் நின்றான். நான் மெஷினை மிதித்தால் "உஷ்" என்பான். பிறகு ஒருநாள் காலையில் மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துவிட்டான். அக்கா சோற்றுத் தட்டைக் கீழே தள்ளினாள், அவ்வளவுதான். தட்டு அப்படியே திரும்பி வந்தது.

அதிகாரி மறுபடி வருகிற தேதி கிடைத்ததும் நர்ஸம்மா போனில் சொன்னாள்: "அக்கா, இந்தத் தடவ ஒண்ணும் பண்ணாதீங்க. குளிக்க வைக்காதீங்க, ஷேவ் பண்ணாதீங்க. எப்படி இருக்காரோ அப்படியே பாக்கட்டும்."

அக்கா என் கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். "எப்படி தையலு? நாறிப்போயிடுவான்டி. பெத்தவங்க இருந்தா என்ன செருப்பால அடிப்பாங்க. ஊரான் துணியெல்லாம் தேய்ச்சுக் கொடுக்கிறேன், கூடப் பொறந்தவன அழுக்கா ஆபீசர் முன்னாடி நிறுத்தவா?"

எனக்குக் கோபம் வந்தது. அவள்மேல் இல்லை. ஆனால் அவள்மேல்தான் கத்தினேன். "போன தடவ சோடிச்சு நிறுத்தி என்ன கிடைச்சுது? மனசக் கல்லாக்கிக்க. துணியத் தொடாத. அப்படியே விட்டுடு. வந்து பாக்கட்டும். பாத்துட்டு எழுதட்டும், இவன வச்சுக்க முடியலன்னு!"

ஒன்பது நாள். அவள் அவனைத் தொடவில்லை. அந்த ஒன்பது நாளில் அவள் கையில் நான்கு சட்டை தீய்ந்தது. அத்தனை வருடத்தில் மொத்தமாகத் தீய்ந்தது அவ்வளவு இருக்காது.

அன்று காலை பத்தரைக்கு அதிகாரி போன் செய்தார். எங்கள் தெருமுனையில் குழாய்க்குப் பள்ளம் தோண்டிப் போட்டிருந்தார்கள். பின்பக்கமாகச் சுற்றி வர வழி தெரியவில்லை என்றார். அக்கா போட்டது போட்டபடி கிளம்பினாள். நானும் ஓடினேன், வருகிற வழியிலேயே அவர் காதில் எல்லாவற்றையும் போட்டுவிடலாம் என்று. போட்டோம். வெயிலில் நடந்துகொண்டே ஆளுக்கொரு பக்கமாகச் சொன்னோம். குளித்து ஒன்பது நாளாகிறது சார். மேசைக்கு அடியிலேயே இருக்கிறான் சார். சோறு இறங்கவில்லை சார். பேச்சே இல்லை சார். அவர் தலையாட்டிக்கொண்டே வந்தார். முகத்தில் இரக்கம் இருந்தது. நான் பார்த்தேன்.

கடைத் திரையை அக்கா விலக்கினாள்.

காலர் நின்றுகொண்டிருந்தான். குளித்து, தலையைத் தண்ணீர் தொட்டு வாரி, முகம் மழித்து. கன்னத்தில் இரண்டு இடத்தில் பிளேடு பட்டுச் சிவந்திருந்தது. நான் தைத்த வெளிர்நீலச் சட்டை, உடம்பு இளைத்ததில் தோளில் தொங்கியது. ஆனால் அதில் ஒரு சுருக்கம் இல்லை. காலர் நிமிர்ந்து நின்றது. அப்படி ஒரு காலரை அந்தத் தெருவில் அவனைத் தவிர யாராலும் தேய்க்க முடியாது.

"வாங்க சார்" என்றான்.

அதிகாரி எங்கள் இருவரையும் திரும்பிப் பார்த்தார். வழியில் பார்த்த இரக்கம் அந்த முகத்தில் இல்லை.

"சட்டைய யார் தேய்ச்சது?" என்று அவனைக் கேட்டார்.

"நான்தான் சார்."

"தூக்கம் வருதா?"

"வருது சார்."

"சாப்பாடு?"

"மூணு வேள சார்."

"யாராச்சும் பேசுற மாதிரி கேக்குதா?"

அவன் கழுத்து லேசாகப் பலகைப் பக்கம் திரும்பியது. திரும்பிய கழுத்தை அவனே இழுத்துக் கொண்டுவந்து அவர் கண்ணைப் பார்த்தான். நெற்றி முழுக்க வியர்வை. "பேசல சார்."

நான் வாயைத் திறந்தேன். "சார், இது இப்ப மட்டும்தான் சார். இவன் இப்படி நின்னே ரெண்டு மாசமாச்சு. நான் பக்கத்துலயே இருக்கவ, பொய் சொல்லல."

அவர் பழைய படிவத்தைப் புரட்டினார். "போன தடவை இதே இடத்துல நின்னு, நாளைக்கே வேலைக்குச் சேத்துவிடலாம்னு சொன்னது நீங்கதானேம்மா? எழுதியிருக்கேன்."

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டவள் நான். 

அப்போதுதான் வாசனை வந்தது. மேசைமேல் இஸ்திரிப் பெட்டி குப்புறக் கிடந்தது. அவசரத்தில் அக்கா பூட்டாமல் போன பெட்டி. ஒயர் செருகியபடி இருந்தது. அதற்கு அடியில் யாருடையதோ வெள்ளை வேட்டி பழுப்பாகி, கறுப்பாகி, இழையிழையாகப் புகை கிளம்பியது. அக்கா இரண்டு எட்டில் போய் ஒயரைப் பிடுங்கி, பெட்டியை நிமிர்த்தி, தீய்ந்த இடத்தின்மேல் பக்கத்திலிருந்த மூட்டையை இழுத்துப் போட்டு, அதற்கு முன்னால் நின்றுகொண்டாள். யோசித்துச் செய்ததில்லை. எத்தனையோ வருடமாகப் பழகிய கை.

அதிகாரி மூக்கைச் சுளித்தார். "ஏதோ கருகுது?"

சொல்லக்கா என்று எனக்கு உள்ளுக்குள் கத்தியது. மூட்டையை எடு. காட்டு. பெட்டியைக் குப்புறப் போட்டுவிட்டு நிற்கிறான், வீடே எரிந்திருக்கும் என்று சொல். அவள் சொல்லத்தான் போனாள். உதடு பிரிந்தது. காலர் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போன அன்று வண்டிக்குள்ளிருந்து அவளைப் பார்த்த அதே பார்வை.

"இஸ்திரிக் கடை சார்" என்றாள் அக்கா. "இப்படித்தான் வாசனை வரும்."

அவர் கட்டங்களில் குறித்துக்கொண்டார். கையெழுத்து வாங்கினார். "நல்லா இருக்காரும்மா. இல்லாதத இருக்குன்னு சொல்லாதீங்க. இவரைவிட மோசமானவங்க வரிசையில நிக்கிறாங்க" என்றார். இனி மனுப் போட வழியில்லை, இதுதான் கடைசி என்றும் சொன்னார். குரலில் கோபம்கூட இல்லை. பள்ளத்தைத் தாண்டிப் போகிறாரா என்று நான் வாசலில் நின்று பார்த்தேன். போய்விட்டார்.

உள்ளே காலர் இன்னும் அதே இடத்தில் நின்றான். 

"அக்கா, சரியா சொன்னேனா?"

"சரியா சொன்னடா."

"அனுப்பிட மாட்டேல்ல?"

"எங்கடா அனுப்பப் போறேன்?"

"நீ சட்டையே எடுத்துத் தரல. குளிக்கவும் கூப்பிடல. பலகைக்குள்ள சொன்னாங்க, துணியத் தொடாத, அப்படியே விட்டுடு, இவன வச்சுக்க முடியலன்னு."

"பலகைக்குள்ள யாரும் இல்லடா. யாரும் பேசலடா, என் கண்ணு." அவன் தலையைப் பிடித்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். அது அவனுடைய வியாதி பேசுகிறது என்றுதான் அவள் நினைத்தாள்.

நான் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். இந்தத் தடவை பலகைக்குள் பேசியது நான்தான். அவனுக்குக் கேட்டது கேட்டபடி இருந்தது. அதைச் சொல்லியிருக்க வேண்டும். இவ்வளவு நீள வாயை வைத்துக்கொண்டு அன்றைக்கு ஒரு வார்த்தை வரவில்லை, இதுவரைக்கும் வரவில்லை.

அவன் சட்டையைக் கழற்றினான். பித்தான்களை மேலிருந்து கீழே ஒவ்வொன்றாகப் போட்டு, கையை மடக்கி, காலர் மேலே வரும்படி மடித்தான். வாடிக்கைக்காரருக்கு மடிப்பதுபோல. தேடி ஒரு நம்பர் சீட்டு எடுத்துக் குத்தினான்.

"அடுத்த தடவ அவர் வர்றப்போ எடுத்துக் குடுக்கா" என்று கொடுத்துவிட்டு, மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்தான்.

அக்கா அதை வாங்கி, கொடுக்க வேண்டிய துணிகளோடு அலமாரியில் வைத்தாள்.